மட்டன் ரோல்ஸும் அம்மாவின் நேர்த்தியும்

சூடான ரோல்ஸைக் கடித்தால் முதலில் ஆவிதான் வரும். மேலண்ணம் வெந்து, கண்ணில் நீர் கட்டி, வாயைத் திறந்து ஊதிக்கொண்டு நிற்கும்போதுதான் மிளகும் உருளைக்கிழங்கும் பெருஞ்சீரகமும் ஆட்டிறைச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு எதிரே, கடைகள் வரிசையாகச் சேர்ந்த ஒரு பிளாசா இருந்தது. அதன் வாகனத் தரிப்பிடத்தில், கோடை வெயிலுக்குத் தார் இளகிச் செருப்பில் ஒட்ட, அப்படி வாய் வெந்து நின்ற சிறுமிகளில் நானும் ஒருத்தி.

இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால் ரொறன்ரோவில் எந்தக் கடையின் கொத்து ரொட்டி சிறந்தது, எந்தத் தெருவின் ரோல்ஸ் சிறந்தது என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். எனக்கு அவற்றைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். ஒரு தடவை தின்றுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் பிளாசாவில் அந்தப் பட்டியலை வைத்திருந்தவர் என்னுடைய அம்மா. எழுதி வைத்ததல்ல, எல்லாம் நாக்கில்.

மே மாதக் கடைசியில் கடைகளுக்கு முன்னால் வெள்ளைக் கூடாரங்கள் முளைக்கும். வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை வியாபாரம். ஒரு மூலையில் தேவன் அண்ணையின் கொத்து ரொட்டி. அதற்குப் பக்கத்தில் வறுத்த 'கச்சான்', அதாவது நிலக்கடலையும், மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் பூசிய சுட்ட சோளமும், உப்பில் ஊறிய மாங்காயும் விற்கிற ஒரு புருஷன் பெண்சாதி. சலவைக் கடைக்கு முன்னால் பிலோமினா அன்ரியின் ரோல்ஸும் மீன் கட்லட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எதையும் வாங்காமல் முதலில் ஒரு சுற்று வருவார். 'கொஞ்சம் தாங்கோ பாப்பம்' என்று ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, ஒரு தீர்ப்புச் சொல்லுவார். அம்மா வருவதைக் கண்டால் தேவன் அண்ணை தகட்டைத் துடைக்கத் தொடங்குவார். "உங்கட கொத்துக்குள்ள இறைச்சியை விளக்குப் பிடிச்சுத் தேடவேணும் அண்ணை, ஆனா குழம்பு நல்லம்" என்று ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை இறைச்சி கூடியிருந்தது. நேற்றைய எண்ணெயா இன்றைய எண்ணெயா என்பதையும், பெருஞ்சீரகம் வறுத்துப் போட்டதா பச்சையாகப் போட்டதா என்பதையும் ஒரு கடியில் சொல்லக்கூடியவர். அம்மாவைப் போல ஆசைப்பட்டுச் சாப்பிட்ட ஒருவரை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அந்த நாக்கினால்தான் அம்மாவுக்கு வேலையும் கிடைத்தது. பிலோமினா அன்ரி மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அவருடைய நிலவறைச் சமையலறையில் காலையில் இறைச்சி வதக்கி, ரோல்ஸ் சுற்றி, ரஸ்க் தூளில் புரட்டிக் கொடுப்பது அம்மாவின் வேலை. பின்னேரம் அன்ரி அவற்றைக் கூடாரத்தில் வைத்துப் பொரித்து விற்பார். அன்ரியிடம் இரண்டு தாச்சிகள் இருந்தன. ஒன்றில் இறைச்சியும் மீனும் பொரியும், மற்றதில் மரக்கறி ரோல்ஸும் கடலை வடையும். சைவக்காரர் வெள்ளிக்கிழமையில் இறைச்சி பொரித்த எண்ணெயில் வெந்ததைத் தொடமாட்டார்கள் என்பது அன்ரிக்குத் தெரியும். கரண்டிகூட மாறாது. அவசரத்தில் யாராவது கரண்டியை மாற்றி எடுத்தால், "உதை வையுங்கோ, பாவம் அந்தச் சனம் நம்பியெல்லே வாங்குது" என்று கத்துவார்.

எனக்குப் பத்து வயதான கோடையில் எங்கள் 'கேஸ்' விசாரணைக்கு வந்தது. அகதி விண்ணப்பத்தை எங்கள் வீடுகளில் எல்லோரும் 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள். கேஸ் சரிவந்தால் இங்கே இருக்கலாம், சரிவராவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இந்த இரண்டு வசனமும் பத்து வயதில் எனக்கு மனப்பாடம். அம்மா கோயிலுக்குப் போய் ஒரு நேர்த்திக்கடன் வைத்துவிட்டு வந்தார். தீர்ப்புக் கடிதம் வரும்வரை எங்கள் வீட்டில் 'மச்சம்' இல்லை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்லுவோம். அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்தே நேர்ந்திருந்தார், எங்களைக் கேட்கவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்த அப்பா, "சரி, விடு" என்றார். நான் அழுதேன். "கொஞ்ச நாள்தானே பிள்ளை, வாயைக் கட்டினால் கடவுள் கண்ணைத் திறப்பார்" என்றார் அம்மா. அவர் தன் வாயை எவ்வளவு கட்டவேண்டியிருந்தது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. தினமும் காலையில் ஆட்டிறைச்சி வதக்குவது அவருடைய வேலை. தொடலாம், தின்னக்கூடாது என்று தனக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார். "உப்பு நான் பாக்கிறன், நீ வாயில வையாதை" என்று அன்ரியும் சொல்லியிருந்தார்.

நான்கு கிழமை தாங்கினேன். ஐந்தாவது கிழமை வெள்ளிக்கிழமை, சோளம் வாங்கென்று அம்மா தந்த காசோடு பிளாசாவுக்குப் போனேன். சோளக் கூடாரம்வரை ஒழுங்காகத்தான் நடந்தேன். அந்த நேரம் பார்த்து அன்ரி ஒரு தட்டு ரோல்ஸை எண்ணெயிலிருந்து அள்ளினார். காற்று என் பக்கமாக அடித்தது. அவ்வளவுதான்.

"மட்டன் ரோல்ஸ் ஒண்டு" என்றேன்.

அன்ரி இடுக்கியோடு நிமிர்ந்தார். "அம்மா நேர்த்தியெல்லோ? உனக்கு என்னத்துக்கு?"

"எனக்கில்லை அன்ரி. பக்கத்து வீட்டு அன்ரி வாங்கிவரச் சொன்னவ."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சலவைக் கடையின் பின்சுவரில், உலர்த்தும் இயந்திரங்களின் சூட்டுக் காற்று வெளியே வரும் துவாரத்துக்குக் கீழே குந்தியிருந்து, முழுவதையும் தின்றேன். சவர்க்கார மணமும் இறைச்சி மணமும் கலந்து வந்தன. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட ரோல்ஸ்களில் அதற்கு இணையாக ஒன்று இல்லை. தின்று முடித்த பிறகுதான் பயம் வந்தது. சலவைக் கடையில் வாய் கொப்பளித்தேன். அதுவும் போதாதென்று, மிஞ்சிய காசில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் கிட்ட அழைத்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனேன். "மாங்காயைக் கண்டபடி தின்னாதை, வயித்துக்குள்ள குத்தும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அப்பா குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். வாசித்து முடித்தும் அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் விளங்காது, ஆனால் அப்பாவின் முகம் விளங்கியது. கேஸ் தள்ளுபடி. அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இதைச் செய்தது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். "நான்தான் எல்லாத்தையும் கெடுத்தன். அண்டைக்குப் பிலோமினாக்கா ஃபோன் எடுக்கப் போன நேரம், கைப் பழக்கத்தில கறியைத் தொட்டு நாக்கில வைச்சிட்டன். உப்புப் பாத்திட்டன். துப்பினனான், வாய் கழுவினனான், ஆனாப் பட்டது பட்டதுதானே."

சமைக்கிற கை தானாகச் செய்கிற வேலை அது. அந்த ஒரு துளிக்காக அம்மா அழுதுகொண்டிருக்க, ஒரு முழு ரோல்ஸைத் தின்ற நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணம் எனக்கு வந்தது கவலையல்ல, நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அம்மா அன்றைக்கே சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "என்ர உயிர் இருக்குமட்டும் இனி மச்சம் தொடமாட்டன். இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பண்ணிப்போடாதை."

பிறகு மனிதாபிமான அடிப்படையில் இன்னொரு விண்ணப்பம் போட்டு, இரண்டு வருடம் பயந்து பயந்து இருந்து, ஒருவழியாக, இங்கேயே இருக்கலாம் என்ற 'பேப்பர்' வந்தது. அப்பா அன்றைக்கே மீன் வாங்கி வந்தார். அம்மா அதைப் பொரித்து எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தான் பருப்போடு சாப்பிட்டார். தன்னுடைய சத்தியம்தான் பேப்பரைக் கொண்டுவந்தது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் சத்தியம் கலைந்து, கதவைத் தட்டி எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ஆள் வரும் என்று பதின்மூன்று வயதுவரை பயந்தேன். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. சொல்லாமல் இருந்து பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சுற்று நின்றுபோனது. தேவன் அண்ணை ஒரு துண்டை நீட்டினால் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது பிக்கரிங்கில் என்னோடு இருக்கிறார்கள். நான் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போன கோடையில் ஒரு சனிக்கிழமை, மார்க்கம் வீதிப் பக்கம் சாப்பாட்டுக் கூடாரங்கள் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போனோம். எங்கள் பழைய பிளாசாவை விடப் பத்து மடங்கு கடைகள். அப்பா கொத்துக்கான வரிசையில் போய் நின்றார். நான் ரோல்ஸ் கூடாரத்துக்குப் போய், அம்மாவுக்கு மரக்கறி ரோல்ஸ் தனி எண்ணெயா என்று கேட்டேன். அங்கே நின்ற பெண் இங்கே பிறந்தவள். "ஒயில் எல்லாம் சேம்தான் அன்ரி, வெஜியும் அதுக்குள்ளதான் போடுறம், சொறி" என்றாள். இரண்டு தாச்சி வைத்திருந்த காலம் எங்கே போனதென்று அவளிடம் கேட்டு என்ன பயன்? எனக்கு ஒரு மட்டன் ரோல்ஸை வாங்கிக்கொண்டு, நிழலில் கதிரையில் இருந்த அம்மாவிடம் வந்தேன்.

அம்மா என் கையைப் பார்த்தார். "ரெண்டாந்தரம் பொரிச்சது. நிறத்தைப் பார்" என்றார். கடித்தேன். சரிதான், இரண்டாந்தரம். மடியில் வெறும் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தின்பதைப் பார்த்தே ருசி சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அந்தச் சனத்துக்கு நடுவில், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். பிறகு, "முழுசாவோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. முழுசா."

"வெள்ளிக்கிழமையோ?"

"ஓம்."

திட்டுவார் என்று நின்றேன். கையை நீட்டினார். "கொண்டா பாப்பம்."

ரோல்ஸை நீட்டினேன். அம்மா ரோல்ஸின் நுனியில் ஒரு சின்னத் துண்டு கடித்தார். பழைய பழக்கத்தில் கண்ணை மூடினார். நான் தீர்ப்புக்குக் காத்து நின்றேன். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு கடதாசித் துண்டை எடுத்து வாயிலிருந்ததை அதற்குள் துப்பி, மடித்து வைத்தார்.

"ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை. என்னவோ ஒரு இறைச்சி எண்டு மட்டும் தெரியுது. ஒத்துக்கொள்ளுதும் இல்லை."

நான் அழுதுவிட்டேன். நாற்பதை நெருங்கும் ஒருத்தி, கையில் பாதி ரோல்ஸோடு, நடுத்தெருவில் நின்று அழுதால் சனம் பார்க்கத்தானே செய்யும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"அழாதை. நான் மச்சத்தை விட்டது உன்ர பிழைக்கும் சேத்துத்தான் போயிருக்கும்" என்றார்.

இப்படியான கட்டுரைகளின் முடிவில், இன்று அந்தக் கடைகள் இல்லை என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதினால் அது பொய். கடைகள் இருக்கின்றன, கூடியும் இருக்கின்றன. அவற்றில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால்தான் என்னிடம் பதில் இல்லை. அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரு நாக்கு எங்கள் வீட்டில் இருந்தது. பத்து வயதில், அம்மா சத்தியம் பண்ணுமுன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும்.