செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்

நான் ஒரு சத்தம் போட்டால் திண்டிவனத்து மயிலெல்லாம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் இறக்கையை மடக்கும். சரி, அவ்வளவு தூரம் இல்லை. பிரம்மதேசம் ஏரிக்கரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். மூன்றரைக்கு மேல் போனால் நாலு என்று எழுதிக்கொள்ள எங்கள் தொழிலில் அனுமதி உண்டு.

ஆனால் இது என் மருமகள் அம்பிகாவின் கதை. அவளுக்குப் படைப்பாற்றல் குறைவு என்று படித்தவர்கள் புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். பக்கம் நாற்பத்தொன்று. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். எங்கள் கோழிக்கூண்டின் கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, அந்தப் புத்தகத்தைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அம்பிகா வானூர்ப் பக்கத்துப் பெண். அப்பா சின்னக்கண்ணு கட்டட மேஸ்திரி. ஒன்பதாவது முடித்த கோடையில் தலையில் எட்டு செங்கல் தூக்கினாள். பத்தாவது முடித்த கோடையில் பத்து. அதோடு படிப்பு நின்றது, செங்கல் நிற்கவில்லை. என் மகன் தேவாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் அவள் தலை மேலே ஆகாயம் வந்தது. தேவா லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பான். மற்ற ஆறு நாளும் நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் கொல்லை. பல வருஷமாக சவுரிராயனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். போன கார்த்திகையில் அம்பிகா வந்து நின்றாள்.

"அத்தை, இந்த வாட்டி கொல்லைய நானே பண்றேன். மல்லாட்டை போடறேன்."

"நீ இன்னாத்தக் கண்ட விவசாயம்?"

"வரப்பு மேல நின்னுக்கினு நீங்க இன்னாத்தக் கண்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு பட்டம் பார்ப்போம். விதைத்தது நல்லபடியாக முளைத்து நின்றால் கொல்லை அவள் பொறுப்பு. இல்லையென்றால் சவுரிராயனுக்கே திரும்பவும். "நீ உங்கப்பா கூட கல்லு தூக்கப் போ" என்றும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அது வந்திருக்க வேண்டாம். வந்த வார்த்தையை அவள் திருப்பித் தரவில்லை, முடிந்து வைத்துக்கொண்டாள்.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; விதை அவள் அம்மா வீட்டு விதை. ஒவ்வொரு காயாகக் கையால் உரித்து, சொத்தை பார்த்து எடுத்தது. மறுவிதைப்புக்கு ஒரு பிடி கூடக் கிடையாது. மார்கழியில் விதைத்தாள். முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாளும் மயிலுக்குத் தெரியும். வரிசையாக வந்து உழுத சாலிலேயே நடந்து, நாம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு விதை போட்டோமோ அத்தனை அங்குலத்துக்கு ஒரு முறை குனியும். இவ்வளவு சுத்தமாக அளந்த மாணவி என் வகுப்பில் ஒருத்திகூட இருந்ததில்லை. அதன்மேல் கல்லெறிந்தால் சட்டம் நம்மேல் பாயும். விரட்டலாம், அவ்வளவுதான்.

அம்பிகாவிடம் ஒரு மைக் இருந்தது. தெருவில் கோலமாவு விற்பவர்கள் வைத்திருப்பார்களே, ஒரு தடவை பேசிவிட்டால் நாள் முழுக்க அதையே கத்திக்கொண்டிருக்கும் குழாய் மைக், அதுதான். அதை அவள் வாங்கியது மயிலுக்காக அல்ல. நான் அவளைத் திட்டுவதைப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்குப் போட்டுக்காட்டச் சாட்சியாக வாங்கினாள். போட்டும் காட்டினாள். "அடியே, பாலைப் பொங்க வுட்டுட்டு எங்கடி போய்க்கினு கீற? கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று என் குரல் குழாயிலிருந்து வந்தது. தேவா சிரித்தான். அவனால் ஆன நீதி அது. ஆனால் கூரைமேல் இருந்த நாலு காக்கை எழுந்து பறந்ததை அம்பிகா பார்த்துவிட்டாள்.

விதைத்த மறுநாள் என் குரல் கொல்லையில் ஒலித்தது. ஒரே இடத்தில் வைத்தால் மயில் புரிந்துகொள்ளும் என்று வேளைக்கொரு மூலையாக மாற்றி வைத்தாள். காலையில் கிழக்கே பால் பொங்கும், மத்தியானம் மேற்கே பொங்கும். மூன்று நாள் ஒரு மயில்கூட இறங்கவில்லை. ஊரில் என் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

நாலாவது நாள் ஒரு கார் வந்து நின்றது. ரோட்டில் போனவர்கள், உள்ளே யாரோ மருமகளைக் கொல்கிறார்கள் என்று பயந்து இறங்கியிருக்கிறார்கள். மூன்று பேர். உளவியல் பேராசிரியர் பார்த்திபன், சமூகவியல் பேராசிரியை சங்கவி, பொருளாதாரத்துக்காரர் ஒருவர். மனிதப் படைப்பாற்றலும் சமூகத்தில் அதன் பங்கும் என்பதைப் பல துறையாகச் சேர்ந்து ஆராய்கிறார்களாம், அதற்காக ஊர் ஊராகப் போகிறார்களாம். விழுப்புரத்தில் மறுநாளே கருத்தரங்கம். விஷயம் தெரிந்ததும் மூவர் முகத்திலும் புதையல் கண்ட களை.

"இது அடக்கப்பட்ட மருமகளோட எதிர்ப்புக் குரல்" என்றார் சங்கவி.

"குரல் என்னுதுங்க" என்றேன் நான்.

பார்த்திபன் கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. மடக்கு மேசையை விரித்துத் தாளை எடுத்தார். மேசை ஆடியது. பம்புசெட் கட்டி மிஞ்சிய செங்கல் குவியலிலிருந்து அம்பிகா ஒரு கல்லை எடுத்து மேசைக் காலுக்குக் கீழே தள்ளினாள்.

"அம்பிகா, ஒரு செங்கல் இருக்குன்னு நெனைச்சுக்குங்க. அத வெச்சு என்னென்ன செய்யலாம்? தோன்றதெல்லாம் சொல்லுங்க. மூணு நிமிஷம்."

"சொவரு கட்லாம் சார்."

"நல்லது. வேற?"

"அந்தாண்ட பக்கத்து சொவரு கட்லாம்."

காற்றில் தாள்கள் பறந்தன. அவள் இன்னொரு கல்லைத் தாள்மேல் வைத்தாள்.

"சுவரை விட்டுடுங்க. கொஞ்சம் கற்பனையா."

"சொவரு இல்லாம செங்கல்லு எதுக்கு சார்? ஒரு கல்லு ஒடைஞ்சாகூட எங்கப்பா பொழுதுக்கும் பேசுவாரு. வேற இன்னா பண்லாம்னு கேட்டிருந்தா கலவை பூசற கரணையாலயே போட்டிருப்பாரு. ஒரு நிமிஷம் இருங்க, ஒங்க காரு நவுருது."

சரிவில் நிறுத்திய கார் மெல்ல வாய்க்காலைப் பார்த்துக் கிளம்பியிருந்தது. ஓடிப்போய் பின்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்தாள். திரும்பி வரும்போது பிடுங்கிக்கொண்டிருந்த கன்றுக்குட்டியின் முளைக்குச்சியை அதே குவியலில் ஒரு கல்லெடுத்து அடித்து இறக்கினாள். அந்தக் கல்லிலேயே குதிகால் சேற்றைத் தேய்த்துவிட்டு, அதையே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "கேளுங்க சார்."

"நேரம் முடிஞ்சுது" என்றார் பார்த்திபன் வருத்தமாக. தாளில் ஒன்று என்று எழுதினார். அந்தாண்ட பக்கத்துச் சுவரைத் தனியாக ஏற்க முடியாதாம்.

ஆறு என்று நான் விரலைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை ஆடாமல் இருந்ததால் எழுத்து மட்டும் அழகாக விழுந்திருந்தது.

மைக்கையும் அம்பிகாவையும் விழுப்புரம் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். அவள் மறுத்தாள். "இன்னும் ஆறு நாளு சார். அப்பால கூப்டுங்க, வந்து பேசறேன்." எனக்குத்தான் பொறுக்கவில்லை. குளிரூட்டிய மண்டபத்தில், படித்தவர்கள் முன்னால், என் குரல் ஒலிக்கப் போகிறது.

"நீ போய் வா. ஒரு நாளு நான் பாத்துக்கறேன். மைக்கே என் குரல்தானே? அசலே இருக்கச்சே நகல் எதுக்கு?"

"அத்தை, நெசமாத்தான் சொல்றீங்களா? கெழக்கு மூலைய வுட்டுடாதீங்க."

"எனக்கு நீ சொல்லித் தரியா? போ ஜல்தி."

போனாள். கருத்தரங்கில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேடையில் பதினோரு நாற்காலி. தொடங்கியதும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். தலைவருக்குச் செயலாளர், செயலாளருக்குத் தலைவர், இருவருக்கும் மண்டபக்காரர். ஒரு மணி நேரம் அதுதான் ஆய்வு. பிறகு மைக்கைப் போட்டார்கள். பால் பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். அம்பிகாவின் மதிப்பெண் குறைவாக இருப்பதால் படைப்பு அவள் மூளையில் நடந்திருக்க முடியாது என்றார் பார்த்திபன். அது மாமியாரின் அதிகாரத்திலிருந்து பிறந்தது என்றார் சங்கவி. ஒரு மயிலை விரட்டுவதில் எத்தனை நிமிஷம் மிச்சமாகிறது என்று பொருளாதாரத்துக்காரர் பலகையில் வரைந்தார். சாப்பாடு ஆறியது. கடைசியில் அம்பிகாவுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"மயிலு வந்துடும். நான் போவணும்" என்றாளாம். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம். அதில் ஏதோ ஆழமான பொருள் இருப்பதாகப் பின்னால் ஒருவர் விளக்கினாராம்.

மைக்கைத் திருப்பிக் கேட்டாள். ஆவணம் என்று பூட்டி வைத்துவிட்டார்கள், கூரியரில் வருமாம். வெறுங்கையோடு வாசலுக்கு வந்தவள் திரும்பிப் பார்த்தாள். மேடை காலி. நாற்காலி முதுகிலெல்லாம் பொன்னாடை தொங்கிக்கொண்டிருந்தது. எதையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. துவட்ட ஆகாது, போர்த்த ஆகாது, பீரோவில் ஏற்கெனவே இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் சரிகை மட்டும் மினுக் மினுக்கென்றது.

"இதெல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று கூட்டுகிற அம்மாவிடம் கேட்டாள்.

"இன்னா பண்றது, பேஜாரு. மூட்ட கட்டி மூலைல போடுவோம். வேணும்னா தூக்கிக்கினு போம்மா, புண்ணியமாப் போவும்."

இருபத்தாறு பொன்னாடையோடு பஸ் ஏறினாள்.

நான் காவல் இருந்த நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இருந்தேன். அவள் வந்தாள். கொல்லையைச் சுற்றி ஒரு நடை போனாள். உட்கார்ந்து பொன்னாடைகளை நீளவாட்டில் கிழிக்க ஆரம்பித்தாள். மறுநாள் விடிந்ததும் குச்சி நட்டுக் கயிறு கட்டி, மூன்று பக்கம் தோரணம் விட்டாள். வெயில் ஏறியதும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பளீரென்று திரும்பியது. ஏரிக்கரையிலிருந்து வந்த மயில் கூட்டம் வரப்பிலேயே நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, திரும்பிப் போயிற்று. நாலாவது பக்கத்துக்குத் துணி போதவில்லை.

என் பீரோவில் ஒன்பது பொன்னாடை இருந்தது. பணி ஓய்வு விழாவில் வந்தவை. அந்துருண்டை போட்டு வருஷாவருஷம் வெயில் காட்டி வைத்திருந்தேன். தேவா கேட்டுக்கூடக் கொடுத்ததில்லை. எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அம்பிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கிழிச்சுடுவேன் அத்தை."

"கிழி."

தினம் கயிற்றை இடம் மாற்றினாள், ஒரு நாள் குறுக்கே, ஒரு நாள் தாழ. பத்தாவது நாள் காலையில் மண் வெடித்து, ஏக்கர் முழுக்கப் பச்சை மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. சவுரிராயன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, குத்தகைப் பேச்சை எடுக்காமல் போய்விட்டான். கொல்லை அவளுடையது என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவியைக் கொடுத்தேன், பம்புசெட் சாவி. வாங்கி முந்தானையில் முடிந்தாள். என் பழைய வார்த்தையை முடிந்து வைத்த அதே முனையில் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து மைக்கும் புத்தகமும் வந்தன. பங்கேற்பாளர் எண் பதினான்கு, படைப்பாற்றல்: குறைவு. அதே பக்கத்தில் நான் மூத்த வாய்மொழிக் கலைஞர். மனிதப் படைப்பாற்றலை ஆராய்வதால் சமூகத்துக்கு என்ன பயன் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். இருபத்தாறு பொன்னாடை மிச்சமாகிறது. அதை வைத்து ஒரு ஏக்கர் மல்லாட்டையை ஒரு விதைகூடச் சேதமில்லாமல் காப்பாற்றலாம்.

இதுவரை எழுதியதை அம்பிகாவுக்குப் படித்துக் காட்டினேன். மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"கெழக்கு மூலைல நாலு சால் போச்சு அத்தை."

"நாலா? மூணரை இருக்கும்."

"நாலு. நீங்க காவல் இருந்த அன்னிக்கு. பம்புசெட் நெழல்ல சேர் போட்டுக்கினு தூங்கினீங்களாம், உங்க மூக்குப் பக்கத்துலயே மயிலு மேஞ்சுதாம். சவுரிராயன் அன்னிக்கே சொல்லிட்டான். அதுல இப்ப காராமணி போட்டுக்கீறேன், அதையும் எழுதிக்குங்க."