ஸ்மார்ட் போர்டை அணைத்த சிவசங்கரி

திருப்பதியில் சிவசங்கரிக்குப் பல்கலைக்கழக வேலை கிடைத்தபோது, ஆந்திர எல்லையோரம் பிச்சாட்டூரில் இருந்த அவள் அம்மா சுந்தரம்மாவுக்கு அது என்ன வேலை என்றே விளங்கவில்லை.

"காலேஜ் பசங்களுக்குப் பாடம் சொல்லணுமா?"

"இல்லம்மா. பாடம் சொல்ற வாத்தியாருங்களுக்கு. கம்ப்யூட்டரு, போனு இதெல்லாம் வச்சிக்கினு எப்படி நடத்தறதுன்னு நான் சொல்லித்தரணும்."

வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த சுந்தரம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "வாத்தியாருங்களுக்கே வாத்தியாரா? நீ சொன்னா அவங்க சும்மா கேட்டுக்கினு கீறாங்களா?"

சும்மா கேட்டுக்கொண்டு இருக்கத்தான் செய்தார்கள். சிக்கலே அதுதான். கொரோனா முடிந்து கல்லூரிகள் திறந்ததும் எல்லா வகுப்பறைகளிலும் சுவர் அகலத்துக்கு ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள். அதைப் பழக்கிக் கொடுக்க ஆசிரியர்களைத் துறைவாரியாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள், சான்றிதழோடு போனார்கள். சிவசங்கரி செயலி மேல் செயலியாக உற்சாகமாகக் காட்டிக்கொண்டே போனாள். அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கருவிகள் மேல் உண்மையான காதல். கூலி வேலைக்குப் போன கருப்பனின் மகள், பெரிய படிப்புப் படித்தவர்கள் நிறைந்த அறையில் முன்னால் நிற்கிறோம் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அந்த ஆண்டு வந்த குழுவில் லக்ஷ்மிநரசிம்மன் இருந்தார். கணிதப் பேராசிரியர், ஓய்வுக்கு மூன்று ஆண்டு பாக்கி. கோவிந்தராஜ சுவாமி கோயில் தெருவில் வீடு. அண்ணன் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். வந்த நாள் முதல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைகளை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார். மவுஸைத் தொடவில்லை. தொடச் சொன்னால், "நான் பாத்துக்கறேன், நீங்க மேல சொல்லுங்கோ" என்பதைத் தெலுங்கில் மரியாதையாகச் சொல்வார். பழைய காலத்து மனுஷர், பிடிவாதம் என்று சிவசங்கரி முடிவு கட்டிவிட்டாள்.

ஒவ்வொருவரும் போர்டில் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டவேண்டிய நாள் வந்தது. அவர் முறை வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. சிவசங்கரி சிரித்துக்கொண்டே தெலுங்கில், "வாங்க சார், அது ஒண்ணும் கடிக்காது" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது.

அவர் எழுந்து வந்தார். பேனாவை வாங்கினார். ஒரு தொடரின் முதல் உறுப்பை எழுதத் தொடங்கினார். கோடு நேராகப் போகவில்லை. ரம்பப் பல் போல ஏறி இறங்கி, எழுத்தே இல்லாமல் ஒரு கிறுக்கலாக, சுவர் அகலத்துக்கு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நீண்டது. முன்வரிசையில் இருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், "மேடம், போர்டு செட்டிங் தப்பா இருக்கு" என்றார்.

சிவசங்கரி போர்டைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துவிட்டாள். வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே, தனக்கென்று ஓர் உயிர் இருப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா, காலையிலேருந்தே இது கோளாறு" என்று சொல்லி ஸ்விட்சை அணைத்தாள். "எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க."

மற்றவர்கள் போனபின் அவள் அவரிடம் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பதற்றத்தில் வாய் தமிழுக்குத் தாவிவிட்டது. "மன்னிச்சிக்குங்க சார். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கினே போயிட்டேன்."

அவர் முகம் மாறியது. "நீங்க தமிழா? எந்த ஊரு?"

"பிச்சாட்டூரு சார்."

"இத்தனை நாளா ரெண்டு பேரும் தெலுங்குல பேசிண்டிருக்கோமே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு வருஷமா இருக்கும்மா. நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார். ஆத்துல என் ஆம்படையா மரகதவல்லிக்கு மட்டும் தெரியும். காபியை டம்ளர்ல பாதிதான் விட்டுத் தருவா. காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியாது. போர்டுல எழுதாம புஸ்தகத்தைப் பாத்து வாசிச்சு ஒப்பேத்திண்டிருக்கேன். பசங்க, சார் முன்ன மாதிரி இல்லைன்னு புகார் பண்ணியாச்சு. மெஷின் இருந்தா இந்தக் கையை மறைச்சுடும்னு நெனச்சுண்டு வந்தேன். அது பெரிசாப் போட்டுக் காட்டிடுத்து."

இந்தப் பருவத்தோடு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். "அவசரப்படாதீங்க சார். நான் ஒரு வழி பண்றேன்" என்றாள் சிவசங்கரி.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவர் பாடம் முழுவதையும் ஸ்லைடுகளாக்கினாள். நிரூபணங்கள் ஒரு பிசிறு இல்லாமல், வண்ணம் பிரித்து, அம்புக்குறி போட்டு அழகாக வந்தன. அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முதல் வகுப்புக்கு அவளும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பொத்தானை அழுத்தினார். நிரூபணம் முழுசாகத் திரையில் வந்து நின்றது. மாணவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தலைகள் கவிழ்ந்தன. அடுத்த ஸ்லைடு, மறுபடி போன்கள் உயர்ந்தன, மறுபடி கவிழ்ந்தன. அவர் இரண்டு முறை ஏதோ விளக்க வாயெடுத்து, திரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பாடம் பாதி நேரத்திலேயே முடிந்துபோனது.

ஆறாம் வகுப்பில் தமிழ்ப் பள்ளி இல்லாமல் தெலுங்கு மீடியத்தில் சேர்ந்த புதிதில் சிவசங்கரியும் இப்படித்தான் இருந்தாள். போர்டில் இருப்பதைக் கோலம் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைவாள். ஒரு சொல் புரியாது. ஆனாலும் கணக்கு மட்டும் அவளுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. சார் ஒரு வரி எழுதுவார். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று அவள் மனசு அதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். அந்த இடைவெளியைத்தான் அழகான தன் ஸ்லைடுகள் விழுங்கிவிட்டன என்று இப்போது தெரிந்தது.

வெளியே வந்ததும் அவர் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். "என் வாய்ல வர்றதுக்கு முன்னாடி அது அங்க வந்து நின்னுடறது. அப்பறம் நான் எதுக்கும்மா?"

"சார், முன்னெல்லாம் நீங்க எப்படி நடத்துவீங்க?"

"ஒரு வரி எழுதுவேன். திரும்பி நின்னுண்டு அவா முகத்தைப் பாப்பேன். யாராவது சொல்ற வரைக்கும் அடுத்தது எழுதமாட்டேன்."

"அப்போ எழுதறது முக்கியமில்ல சார். திரும்பி நிக்கறதுதான்."



இந்தத் தடவை அவள் எந்தச் செயலியையும் தேடவில்லை. ஸ்டோர் ரூமில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு சின்னக் கேமராவை எடுத்துவந்தாள். அதன் அடியில் தாளை வைத்து எழுதினால் எழுத எழுதத் திரையில் தெரியும். எழுதப்போவது ஒரு மாணவர். லக்ஷ்மிநரசிம்மன் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி பேசலாம், கேட்கலாம், காத்திருக்கலாம். "நீங்க ஏன் எழுதலன்னு பசங்க கேட்டா, புது முறைன்னு சொல்லிடலாம் சார்" என்றும் யோசனை சொன்னாள்.

அன்றைக்கு வகுப்பில் அவர் அப்படிச் சொல்லவில்லை. முன்னால் வந்து நின்று, வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அது ஆடியது. எனக்கு இந்த நோய் வந்திருக்கிறது, இனி என்னால் எழுத முடியாது, எழுதுவது உங்கள் வேலை, யோசிப்பது நம் எல்லோர் வேலை என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். கடைசி பெஞ்சில் சிவசங்கரி பயந்துபோனாள், யாராவது சிரித்துவிட்டால்?

யாரும் சிரிக்கவில்லை. குப்பம் ஊர்ப் பக்கம் இருந்து வந்து விடுதியில் படிக்கும் ரூபா எழுந்துபோய்க் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு வரிகள் சரியாக வந்தன. மூன்றாவதில் அவள் ஒரு குறியை மாற்றிப் போட்டாள். அவர் அதைத் திருத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஜன்னல் பக்கத்தில் ஒருவன் தப்பு என்று முனகினான். இன்னொருத்தி "இல்ல, அவ சரிதான்" என்று மறுத்தாள். கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு எழுந்து நின்று சண்டை போட்டது. தொடர் எங்கே குவிகிறது என்பதை அவர் சொல்லவே இல்லை; அவர்களே இழுத்துப்பறித்துக் கண்டுபிடித்தார்கள். மணி அடித்தும் பத்துப் பதினைந்து பேர் நகரவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. சிவசங்கரியைத் தேடிப் பார்த்து, சின்னப் பிள்ளைபோலத் தலையை ஆட்டினார்.

எல்லாம் அதோடு சுபமாக முடியவில்லை. ஸ்மார்ட் போர்டின் செயலிகள் எத்தனை மணி நேரம் ஓடின என்பதைத்தான் மேலிடம் கேட்டது. லக்ஷ்மிநரசிம்மன் வகுப்பில் அவை ஓடவே இல்லை. பயிற்சி மைய இயக்குநர் சிவசங்கரியைக் கூப்பிட்டு, "இதுக்கா உங்களை வச்சிருக்கோம்?" என்றார். அவள் வாதாடாமல், "ஒரு வகுப்புக்கு வந்து உக்காருங்க சார்" என்று மட்டும் கேட்டாள். அவர் வந்தார். பாராட்டவில்லை, ஆனால் அடுத்த குழுவுக்கு அவள் விருப்பப்படி நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவள் முதல் நாள் எந்தக் கருவியையும் திறக்காமல், அவரவர் வகுப்பைப் பற்றிய பேச்சிலேயே ஓட்டினாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. நேரம் வீண் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

லக்ஷ்மிநரசிம்மன் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கவில்லை. ஓய்வு வயது வரும்வரை பாடம் நடத்தினார். கடைசிப் பருவத்தில் நடையும் தளர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி கேள்வி கேட்டார். குரல் மட்டும் அப்படியே கணீரென்று இருந்தது.

போன ஆவணியில் சிவசங்கரி சித்தூரில் ஒரு கல்லூரிக்குப் பயிற்சி தரப் போனாள். இடைவேளையில் கல்பனா என்ற புதிய விரிவுரையாளர் போனும் கையுமாக ஓடிவந்தாள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"மேடம், நான் எந்த ஆப் கத்துக்கினா நல்லா இருக்கும்?"

"உங்க கிளாஸ்ல பசங்க எந்த எடத்துல தொலைஞ்சு போறாங்க?"

கல்பனா யோசித்தாள். "தெரியல மேடம். நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல" என்றாள் மெதுவாக.

சிவசங்கரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி, நேத்து என்ன பாடம் நடத்துனீங்க? அதைச் சொல்லுங்க."