கத்திமுனையில் ஓர் ஆயில் தேர்தல்

சலூன்காரருடைய கார் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய அன்று, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார். வந்தவர்கள் மீட்டரைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த புகையைத்தான் பார்த்தார்கள்.

காலையில் சாவியைத் திருப்பினால் நீலப் புகை கிளம்பி, எதிர்வீட்டு டீச்சர் கொடியில் காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டுத்தான் கலையும். ஊற்றிய ஆயிலும் கண்காணாமல் குறைந்துகொண்டிருந்தது. எஞ்சின் குடிக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. குடிகாரனைக் கட்டிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவர் மனைவிக்கு வருத்தம்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன். அன்னைக்கும் இதே கூத்துன்னா தம்பியை வரச் சொல்லிடுவேன்."

தம்பி பழைய இரும்புக்கடை வைத்திருப்பவன். மாமாவின் காரை அவன் எப்போது பார்த்தாலும் தராசுக் கண்ணோடுதான் பார்ப்பான்.

படுத்த படுக்கையாகிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு வீடு தேடிப்போய் முடிவெட்டுவது சலூன்காரரின் வழக்கம். கார் போனால் அவர்களெல்லாம் சடை பின்னிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே ஆயிலை மாற்றிப் புகையை அடக்குவது என்று முடிவுகட்டினார். எந்த ஆயில் என்ற கேள்வியில்தான் ஜனநாயகம் குறுக்கே வந்தது.

அவர் எதையும் தன்னிச்சையாகச் செய்கிறவர் அல்லர். மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்ததும் கடைக்கு ஊதா நிறம் அடித்ததும் வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடுதான். அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றுகூட இதுவரை தோற்றதில்லை. இந்த முறையும் ஷேவிங்குக்கு உட்கார்ந்த ஒவ்வொருவரையும் கலந்தாலோசித்தார். நுரை தடவி, முகவாயைத் தூக்கி, தொண்டைக்குழியருகே கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பழைய எஞ்சின், உள்ளே தேஞ்சு போயிருக்கும். இருக்கிறதிலேயே கெட்டியான ஆயிலா ஊத்தினா இடுக்கெல்லாம் அடைச்சுக்கும், புகை நின்னுடும். நான் சொல்றது சரிதானே?"

"ம்" என்றார் வங்கி அதிகாரி.

"ம்ம்" என்றார் வக்கீல். அவர் குறுக்கே பேசாத வழக்கு அது ஒன்றுதான்.

பக்கத்துத் தெருவில் கார் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கும் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கத்தி மேலுதட்டுக்கு ஏறிவிட்டது. அவரும் "ம்" என்றார்.

நிபுணர் உட்பட ஏகமனது. சலூன்காரர் பழைய ஆயிலை வடித்துவிட்டு, கெட்டியிலும் கெட்டியான ஒன்றை வாங்கிவந்து தன் கையாலேயே ஊற்றினார்.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, இருமியது, பிறகு தட்டச்சு வகுப்பு மாதிரி டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. மீட்டருக்குப் பக்கத்தில் ஆயில் விளக்கு அணையாமல் சிவப்பாக முறைத்தது. புகை மட்டும் வழக்கம்போல டீச்சர் வீட்டுக்குப் புறப்பட்டது. பயந்துபோய் அணைத்துவிட்டு, காரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கைகொடுக்க வந்த மச்சினன், திருப்பம் வந்தபோதெல்லாம் இரும்புக்கடைப் பக்கமாகவே தள்ளினான்.

மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். "என்னண்ணே இது, பசை மாதிரி இருக்கு?"

"நீதானே தம்பி சரின்னு சொன்ன?"

"அப்போ கத்தி எங்கண்ணே இருந்துச்சு?"

மகளின் பள்ளிக்கூடமும் ஊதாச் சுவர்களும் சலூன்காரர் கண்முன்னே ஊர்வலம் போயின.

"காலையில எஞ்சின் குளிர்ந்து கிடக்கும். ஆயில் சட்டுனு மேல ஏறணும். இவ்வளவு கெட்டின்னா எங்க ஏறும்? அதான் தட்டுது" என்றார் மெக்கானிக். "புகைக்குக் காரணம் வேற. உள்ளே ரப்பர் சீல் காய்ஞ்சு சுருங்கி, ஆயில் கசிஞ்சு எரியுது. ரொம்ப தூரம் ஓடின வண்டிக்குன்னே தனியா ஆயில் இருக்கு. சீலை இளக்குற மருந்து அதுல சேர்த்திருப்பாங்க. வண்டியோட புஸ்தகத்துல போட்டிருக்கிறதைவிட ஒரு படி கெட்டி போதும்."

"நாளைக்குப் புகை நின்னுடுமா?"

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். சீல் ஊறணும்ல? போகப்போகக் குறையும்." சொல்லிக்கொண்டே மெக்கானிக் பசையை வடித்துவிட்டு அந்த ஆயிலை ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் லாரியோடு வந்து நின்றான். டீச்சர் துணிகளுக்குக் காவலாக வாசலில் நின்றார். சலூன்காரர் சாவியைத் திருப்பினார். தட்டலே இல்லை. விளக்கும் உடனே அணைந்தது. ஆனால் பின்னால் ஒரு கைக்குட்டை அளவுக்குப் புகை எழுந்து, பாதித் தெருவில் வழி மறந்து நின்றது.

"புகை வந்துருச்சுக்கா" என்றான் மச்சினன், கயிற்றை எடுத்துக்கொண்டே.

சலூன்காரர் இறங்கி மனைவியிடம் போனார். இரண்டு கைகளையும் காலியாக விரித்துக் காட்டிவிட்டுக் கேட்டார். "மறைக்காம சொல்லு."

தன் அபிப்பிராயம் கேட்கப்பட்டதில் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்றேன். டேய், நீ பின்னாலயே வந்து புகையைப் பாரு."

கார் நகர்ந்தது. பின்னாலேயே மச்சினனின் லாரியும் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது விட்ட கரும்புகையில் எதிர்வீடும் டீச்சரும் கொடியும் காணாமல் போனார்கள்.

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நம்மது எவ்வளவோ தேவலைங்க" என்றாள்.