கொக்கு வந்ததா, வந்தாரா?

அம்பாசமுத்திரம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் காதல் தொடர் ஒன்று படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். என் தொடர்தான்! பொழுது சாய்ந்தால் கொக்காக மாறிவிடும் மாப்பிள்ளையின் கதை.

எழுதுவது நான்தான் என்று சொல்லாமல், "கதை நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதுதவளுக்கு மரியாதை தெரியலக்கா. மனுசனா இருக்கும்போது 'வந்தார்'ங்கா. கொக்கா மாறுனதும் 'வந்தது'ங்கா. கட்டிக்கப்போறவர அப்படியா சொல்லுவாவ?"

"கொக்கு அஃறிணைதானே?"

"றெக்க முளைச்சா மாப்பிள்ளை இல்லன்னு ஆயிருமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் சாயங்கால வானம். நடுவில் ஒற்றைக் கொக்கு, எங்களையே பார்ப்பதுபோல் அசையாமல் நின்றது.

அவள் என் கையைத் தொட்டாள். "அங்கன பாருங்கக்கா," என்றாள் கிசுகிசுப்பாக. "தனியா நிக்காவ."

மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தலையில் இருந்த பிச்சிப்பூவைச் சரிசெய்தாள். நானும் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா 'வந்தது'களையும் 'வந்தார்' ஆக்கிவிட்டேன். ஒரே சிக்கல், இப்போது எழுதும் அத்தியாயத்தில் அவர் தவளை பிடிக்கிறார். 'தவளையை அமுது செய்தார்' என்று எழுதினால் தமிழாசிரியர்கள் அடிக்க வருவார்களா?