போகிக்குக் கிடைத்த பழசு

2005ஆம் ஆண்டு போகிக்கு எரிக்க எங்களிடம் பழையது என்று ஒன்றும் இருக்கவில்லை. அந்த மார்கழியில் கடல் வீட்டோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் அவசரமாக எழுப்பிய தார் ஷீட் கொட்டகைகளில் ஒன்றை எனக்கும் என் மனைவிக்கும் கொடுத்தார்கள். ஜன்னல் கிடையாது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்று, பிறந்த குப்பத்துக்கே திரும்பியவன் நான். அவளுக்கு நெடுநாளாக இழுப்பு.

அடுப்பும் உள்ளேதான். கடல்நீர் குடித்த சவுக்கு விறகு எரியாது, புகையும். முகாமுக்கு வந்த இளம் மருத்துவர் அவள் மார்பைச் சோதித்துவிட்டு, "புகை இல்லாத எடமா பாத்து இருங்கம்மா" என்றார்.

"அது கடலுக்குள்ளதான் டாக்டர் இருக்குது" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் சிரித்தார்கள்.

ஊர் ஊராக அனுப்பிய பழந்துணி சாலையோரம் குவிந்து, பனியில் நனைந்து நாறியது. பக்கத்துக் கொட்டகைப் பெண், கைக்குழந்தைக்காரி, அதிலிருந்து நைலான் புடவைகளைக் கிழித்து அடுப்பு மூட்டுவாள். ஒருநாள் கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க துரைசாணி, மீன் வாங்க வந்தீங்களா?" என்றாள் என் மனைவி. சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்த பிறகே நின்றது. அந்தப் பெண் கோட்டைக் கழற்றி இவள் தோளில் போர்த்தினாள்.

போகிக்கு முன்தினம், துணிக்குவியலைக் கொளுத்தப் போவதாக இளைஞர்கள் சொன்னார்கள்.

"சாவு வுழுந்த ஊர்ல இன்னாடா போகி?" என்றார் ஒரு பெரியவர்.

"பண்டிகை இல்லபா, குப்பைய எரிக்கிறோம். நாளைக்கு எரிச்சா எவனும் கேக்க மாட்டான்."

"புதைத்துவிடுங்களேன். என் மனைவிக்குப் புகை ஆகாது" என்றேன்.

"தோண்டுனா தண்ணி வருது சார். குவியல்ல பாம்பு வேற அடையுது. கதவ சாத்திக்குங்க, கொஞ்ச நேரந்தான்."

கதவு என்பது ஒரு கோணிச் சாக்கு.

விடியலில் பனி இறங்கியிருந்தது. புகை மேலெழாமல் தரையோடு நகர்ந்தது. நைலான் எரிந்தால் என்னென்ன வாயு பிரியும் என்பதைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உள்ளே அடுப்புப் புகை. வெளியே ஊரார் துணிகளின் புகை. "ஏங்க, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அதற்குமேல் பேச மூச்சு இல்லை. உப்பளக் கரைமேல் அவளைத் தூக்கிச் சென்றேன். புகையும் கூடவே வந்தது. மருத்துவ முகாமின் ஜீப் வந்தபோது அவள் உடல் சில்லிட்டிருந்தது.

"கடலே வுட்டுச்சே இந்தம்மாவ" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

கருமாதியன்று அவள் பொருள் என்று இருந்தது அந்தக் கோட்டு மட்டும்தான். வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லி, கொட்டகைகளுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். கம்பளி, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்தது. பக்கத்துக் கொட்டகையில் குழந்தை இருமத் தொடங்கியது.

"ஏம்பா, கொழந்த இருமுது. தள்ளிப் போயி கொளுத்தக் கூடாதா?" என்றாள் தாய்.

"கொஞ்ச நேரந்தாங்க்கா."

காற்று மாறிப் புகை என் பக்கம் திரும்பியது. நான் காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றேன். அன்று அவள் கேட்ட பக்கம் அதுதான்.