கடைக் கதிரையில் ஒரு மண்ணிறத் துவாய்

சிவநேசன் அண்ணை போய்விட்டார். நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த அதே அண்ணை.

முந்தநாள் காலை. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது...

செத்தவீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஹார்ட் என்றார் ஒருவர், பிறஷர் என்றார் இன்னொருவர். எனக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முதல் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கே இது தெரியாது.

போன வருசம் நான் இரண்டு மாதம் லீவில் நின்றது மூலத்துக்கு ஒப்பரேசன் செய்து அல்ல. எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடல் முழுக்கப் புண். அதை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். மலம் அதற்குள்தான் வரும். ஏன் எந்த நேரமும் ஷேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு திரிகிறாய் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அண்ணைக்கும் அதே வருத்தம். அதே பை.

வருசக்கணக்காக அவரிடம் பல்ப் வாங்கியிருக்கிறேன், தெரியாது. ஒருநாள் கிளினிக் வாங்கிலில் போய் இருந்து பார்த்தால் பக்கத்தில் அவர்.

"என்ன தம்பி இஞ்சை?"

"மச்சானோடை வந்தனான் அண்ணை. நீங்கள்?"

"நானும் ஒரு சொந்தக்காரரோடைதான்."

இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள் மாதிரி அரை மணித்தியாலம் இருந்தோம். பிறகு நேர்ஸ் அவருடைய பெயரைக் கூப்பிட்டா. அடுத்தது என்னுடைய பெயர்.

வெளியே வந்ததும் கேட்டார், "உன்ரை மச்சானுக்கு இப்ப எப்பிடி?"

அன்றிலிருந்து சிநேகிதம்.

பைக்குள் காற்று வந்தால் சத்தம் கேட்கும். அடக்கவும் முடியாது. கடையில் ஆட்கள் நிற்கும்போது அப்படி வந்தால் அண்ணை உடனே ஒரு மிக்சியைப் போட்டு ஓடவிட்டு, "நல்ல மோட்டர்" என்பார். பல்ப் வாங்க வந்த ஒரு மனுசி அந்த மிக்சியையும் வாங்கிக்கொண்டு போனா.

ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் மாதம்... ஒரு காலை எனக்குப் பின்பக்கத்தால் இரத்தம் போனது. அந்த வழி அடைபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கக்கூசுக்குள் இருந்தபடியே அண்ணைக்குப் போன் எடுத்தேன். சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"பயப்பிடாதை. குடலின்ரை கடைசித் துண்டை உள்ளுக்கு விட்டிருக்கிறாங்கள். அதிலை இன்னும் புண் இருக்கு. எனக்கும் போறதுதான். ஆனா நீ இண்டைக்கே டொக்டரிட்டைப் போ. என்ரை கதையைக் கேட்டுட்டு வீட்டிலை இருந்திடாதை."

போனேன். கீழால் வைக்கிற மருந்து தந்தார்கள். குறைந்தது.

எனக்குச் சொன்னதை அவர் செய்யவில்லை.

எங்கள் இருவருக்கும் இன்னொரு ஒப்பரேசன் மிச்சம் இருந்தது. ஜே-பவுச் என்பார்கள். அந்தக் கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு, சிறுகுடலாலேயே உள்ளுக்குள் ஒரு பை தைத்து, பழைய வழியால் போகச் செய்வது. அண்ணைக்கு ஆவணியில் திகதி கொடுத்திருந்தார்கள்.

வைகாசியில் நான் கடைக்குப் போனபோது அவருடைய கதிரையில் உடம்பு துடைக்கிற மண்ணிறத் துவாய் ஒன்று மடித்துப் போட்டிருந்தது.

"வேர்க்குது" என்றார். நான் போகாமல் நின்றேன்.

"கொஞ்சம் கூடத்தான் போகுது தம்பி. ஆவணியிலை மகள் கீர்த்தனாவின்ரை கலியாணம். திகதியைக் கார்த்திகைக்கு மாத்திப்போட்டன்."

"இரத்தம் போறது டொக்டருக்குத் தெரியுமோ?"

"சொன்னால் உடனை வாட்டிலை மறிச்சு வச்சிடுவாங்கள். மாப்பிள்ளை பகுதி அறிஞ்சால், குடும்பத்திலை வருத்தம் இருக்காம் எண்டு கதை வரும். பிள்ளையின்ரை காரியம். முடியட்டும். நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். டொக்டரிடமாவது சொல்லுங்கோ என்றேன். "ஓம் ஓம்" என்றார். அந்த "ஓம் ஓம்" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா என்ன.

கலியாணத்தன்று மண்டபத்து வாசலில் நின்று வந்த எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். மணவறையில் இருந்த நேரம் தவிர, தான் ஓரிடமும் இருக்கவில்லை.

வெள்ளைப் பட்டு வேட்டி. நான் மணமக்களைப் பார்க்கவில்லை. அந்த வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகம் நல்லாய் வெளிறிப்போயிருந்தது. மகளைக் கொடுக்கிற கவலை என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, அதுதான் முந்தநாள், கடை திறக்கப் போனவர் கதவடியிலேயே விழுந்துவிட்டார். உடம்பில் இரத்தமே இல்லை, இவ்வளவு நாளும் எப்படி நடந்து திரிந்தவர் என்று டொக்டர் கேட்டாராம்.

செத்தவீட்டில் கீர்த்தனா என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கள்தானே அப்பாவோடை கிளினிக்குக்குப் போறனீங்கள். இரத்தம் போறது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் பிள்ளை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் தள்ளி வச்சிருப்பன் மாமா. கலியாணம்தானே."

அவள் அழவில்லை. அழுது ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பக்கத்தில் மருமகன் நின்றான். முழங்கை மடிப்பில் சின்னப் பிளாஸ்டர். அண்ணைக்கு இரத்தம் கொடுத்தவன் அவன்தான். எந்தப் பகுதி அறியக்கூடாது என்று ஒளித்தாரோ, அந்தப் பகுதிப் பெடியன்.

இன்று காலை கீர்த்தனா மெசேஜ் போட்டிருந்தாள். "அப்பாவைப் பற்றி எழுதினால் வருத்தத்தை ஒளிக்காமல் எழுதுங்கோ மாமா."

எழுதிவிட்டேன்.

சத்தியத்தை மீறிப்போட்டன் அண்ணை. நாலு மாதம் பிந்திப்போச்சு.

வாற மாதம் என்ரை ஒப்பரேசன் திகதி. நான் மாத்தேல்லை. போயிட்டு வாறன்.