ஐந்து வரிசைத் திராட்சை

வேலைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன உலோகக் குழாய் வைத்திருக்கிறேன். ஒரு திராட்சையைப் பிதுக்கி அதன் கண்ணாடி முனையில் ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பழத்தில் எவ்வளவு இனிப்பு ஏறியிருக்கிறது என்று உள்ளே எண் தெரியும். அதை என் கையில் தந்தவர், ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவில் சிறிய திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் முதலாளியம்மா. என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் எண்ணைச் சொன்னதும் கையை நீட்டுவார். குழாயை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்த பிறகுதான் கொப்பியில் எழுதுவார். அதற்குக் காரணம் நான்தான்.

வேலை கேட்டுப் போன நாளில் என் வாய் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவில் முந்திரிகைப் பந்தல் இருந்தது, அங்கே திராட்சையை அப்படித்தான் சொல்வோம், எனக்கு எல்லாம் தெரியும் என்று அரைகுறை ஜெர்மனில் அளந்துவிட்டேன். அவர் நம்பினார். இரண்டாவது கோடையில் கால் முறிந்து அவர் கீழே வீட்டோடு கிடக்க நேர்ந்தபோது, மேற்சரிவின் ஐந்து வரிசைகளை என் பொறுப்பில் விட்டார். அவருடைய தகப்பன் நட்ட பழைய கொடிகள். அந்த வருடம் அவற்றின் பழத்தை மட்டும் தனியாக எடுத்து, தன் பெயரில் முதல் வைன் வடிக்க இருந்தார். குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள், வெயில் படட்டும் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது பைத்தியக்கார வேலையாகப் பட்டது. எங்கள் ஊரில் குலை பந்தலின் நிழலுக்குள் தொங்க வேண்டும். இலை விலகினால் வெயில் பழத்தை அவித்துவிடும். இவர்களுக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, ஓர் இலையைக்கூடக் கிள்ளாமல், விலகிக் கிடந்தவற்றையும் குலைமேல் இழுத்துவிட்டேன். மோசலில் வெயில் விருந்தாளி மாதிரி. வந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். செப்டெம்பரில் பக்கத்து வரிசைகள் மஞ்சளாகிக் கனிந்தபோது என்னுடையவை பச்சையாகவே நின்றன. பயத்தில் இரண்டே நாளில் இலைகளை உருவி, சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு ஊன்றுகோலோடு மேலே வந்த முதலாளியம்மா குழாயால் பார்த்தார். இலை ஒழுங்காகத்தான் எடுபட்டிருக்கிறது, ஆகவே கொடிகளுக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவு செய்தார். அந்த வைன் இல்லையென்றாயிற்று. ஐந்து வரிசைகளையும் பிடுங்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு கிழமை உண்மையை மறைத்தே வேலைக்குப் போய்வந்தேன். ஐம்பதை நெருங்கும் எனக்கு வேறு வேலை யார் தரப்போகிறார்கள் என்ற பயம். கடைசியில் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“பிழை விட்டது நீங்கள். கொடி என்ன செய்தது? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. வேலை போனால் போகட்டும்.”

போய்ச் சொன்னேன். ஐந்து வரிசையிலுமா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய், கொடி பிடுங்க இருந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவேண்டாம் என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. அடுத்த கோடையில் பக்கத்தில் நின்று, என் கையையே பார்த்தபடி, முதல் வரிசை முழுவதையும் கிள்ளவைத்தார். வெட்கமாக இருந்தது, கோபம் வரவில்லை. அன்றிலிருந்துதான் அந்த நீட்டிய கை.

இப்போது மோசலின் வெயிலும் மாறிவிட்டது. சில கோடைகளில் பழம் தோல் சுருங்கிக் கருகுகிறது. பின்னேர வெயில் படும் பக்கத்தில் இலையைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள், உங்கள் ஊரில் செய்வதுபோல, என்று இந்த வருடம் அவரே சொன்னார். நான் அன்றைக்குச் செய்ததும் இதுதானே என்று மனதுக்குள்கூட நினைக்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது பிழைதான். எந்தப் பக்கம், எத்தனை இலை என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

நேற்று அதே வரிசைகளில் முதல் பழத்தைப் பிதுக்கி, குழாயில் பார்த்து எண்ணைச் சொன்னேன். பழக்கத்தில் குழாயை அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஏற்கெனவே குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே, அடுத்த வரிசை என்றார்.